பிறந்த குழந்தைக்கு மூளையில் ரத்தக்கசிவு: எப்போது சந்தேகப்படுவது, எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

நாற்பது நாள் குழந்தை. பத்து மாதம் நிறைந்து பிறந்தது, மூன்று கிலோ, தாய்ப்பால் மட்டும். ஒரு வாரத்துக்கு முன்னால் மூக்கில் லேசாக ரத்தம் வந்திருக்கிறது. நகம் பட்டிருக்கும் என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். அப்புறம் ஒரு நாள் காலையிலிருந்து ஓயாமல் வீறிட்டு அழுகை, குடித்த பாலெல்லாம் வாந்தி. "உரம் விழுந்திருக்கு" என்று பாட்டி சொல்ல, புடவையில் போட்டு உருட்டி உரம் எடுத்தார்கள். சாயங்காலம் அழுகை நின்றது. எல்லாரும் அப்பாடா என்று இருந்தார்கள். உண்மையில் குழந்தை மயக்கத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரிக்கு வந்தபோது முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது, உச்சிக்குழி மேடாக நின்றது. ரத்தம் எடுக்க ஊசி குத்திய இடத்தில் பஞ்சை வைத்து எவ்வளவு நேரம் அழுத்தினாலும் கசிவு நிற்கவில்லை.

பச்சிளம் குழந்தைகள் பிரிவில் வேலை பார்க்கும் யாரும் இப்படியொரு கதையைச் சொல்வார்கள். பாட்டியைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அழுகை, வாந்தி, சோர்வு என்று எதைப் பார்த்தாலும் வயிற்று வலி, உரம், கண்ணேறு என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். மூளை ரத்தக்கசிவு யாருக்கும் தோன்றாது. தோன்றவைக்கத்தான் இந்த வழிகாட்டி.

படி 1: இரண்டு எண்கள், ஒரு ஊசி

டாக்டர் முதலில் கேட்பது இதைத்தான்: குழந்தை எத்தனை வாரத்தில் பிறந்தது? இன்றைக்கு எத்தனையாவது நாள்? இந்த இரண்டு எண்ணும் தெரிந்தால், ஸ்கேனுக்கு முன்பே எந்த வகைக் கசிவாக இருக்கலாம் என்று பாதி தெரிந்துவிடும்.

32 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தை, முதல் மூன்று நாள் என்றால், மூளையின் நடுவே நீர் தேங்கும் அறைகளை ஒட்டிய கசிவை நினைக்க வேண்டும். அந்த அறைகளின் ஓரத்தில் ஜெர்மினல் மேட்ரிக்ஸ் என்றொரு திசு உண்டு. மூளை செல்கள் உருவாகிற நாற்றங்கால் என்று சொல்லலாம். அங்கே ஓடும் ரத்தக்குழாய்கள் வெங்காயத் தோல்போல மெல்லியவை. ரத்த அழுத்தம் சட்டென்று ஏறினாலோ இறங்கினாலோ கிழிந்துவிடும். 34, 36 வாரம் ஆகும்போது அந்தத் திசு சுருங்கி மறைந்துவிடுகிறது. அதனால்தான் நிறைமாதக் குழந்தைக்கு இந்த வகை அரிது. கசிகிற குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு முதல் நாளிலேயே கசிந்துவிடும். சுமார் 90 சதவீதம் முதல் மூன்று, நான்கு நாட்களுக்குள் நடந்து முடிந்துவிடும்.

நிறைமாதக் குழந்தை, ஆயுதம் போட்டு எடுத்த பிரசவம் அல்லது வாக்யூம் (தலையை உறிஞ்சிப் பிடித்து இழுக்கும் கருவி), முதல் இரண்டு மூன்று நாள் என்றால், மூளையை மூடிய உறைகளுக்கு அடியில் கசிவு இருக்கலாம். நிறைமாதக் குழந்தைக்கு மூளையின் உள்ளறைகளில் ரத்தம் என்று ரிப்போர்ட் வந்தால் கதை வேறு. மூளையிலிருந்து ரத்தத்தை வெளியே கொண்டுபோகும் சிரைகளில் ரத்தம் உறைந்து அடைத்திருக்கிறதா என்று தேட வேண்டும். பால் சரியாக இறங்காமல் நீர்ச்சத்து வற்றிப்போன குழந்தைகளுக்கு இப்படி நடப்பதுண்டு.

இரண்டு வாரத்திலிருந்து ஆறு மாதம் வரை, நன்றாக இருந்த குழந்தை, தாய்ப்பால் மட்டும் என்றால், வைட்டமின் கே பற்றாக்குறை. நம் நாற்பது நாள் குழந்தை இந்த வகை.

அதனால்தான் மூன்றாவது கேள்வி: பிறந்த உடனே தொடையில் வைட்டமின் கே ஊசி போட்டார்களா? ரத்தம் உறைவதற்குத் தேவையான சில புரதங்களைக் கல்லீரல் தயாரிக்க இந்த வைட்டமின் வேண்டும். நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கு இது போதுமான அளவு வருவதில்லை. தாய்ப்பாலிலும் இது மிகக் குறைவு. ஒரு கிலோவுக்கு மேல் என்றால் 1 மி.கி., ஒரு கிலோவுக்குக் கீழே அரை மி.கி., தசையில் ஒரே ஊசி. ஆஸ்பத்திரியில் பிறக்கும் எல்லாக் குழந்தைக்கும் போட வேண்டும் என்று 2014-லேயே இந்திய அரசின் வழிகாட்டுதல் வந்துவிட்டது. ஆனாலும் அவசரத்தில் விட்டுப்போவது உண்டு. போட்டும் எழுதாமல் விடுவதும் உண்டு. டிஸ்சார்ஜ் சீட்டை இப்போதே எடுத்துப் பாருங்கள். அந்த வரி இல்லையென்றால் கூச்சப்படாமல் கேளுங்கள்.

கர்ப்பத்தில் அம்மா வலிப்பு மாத்திரையோ (பெனிடாயின், கார்பமசெபின் போன்றவை), காசநோய்க்கான ரிஃபாம்பிசினோ சாப்பிட்டிருந்தால் முதல் 24 மணி நேரத்திலேயே கசியலாம். இதைப் பிரசவத்துக்கு முன்பே சொல்லிவிடுவது நல்லது.

படி 2: தலையைத் தொட்டுப் பாருங்கள்

பிறந்த குழந்தையின் தலையில் வீக்கம் என்றாலே மூளைக் கசிவு என்று பயப்பட வேண்டாம். பெரும்பாலானவை மண்டையோட்டுக்கு வெளியே இருப்பவை. பிறக்கும்போதே மெத்தென்று, தலையின் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று பரவியிருப்பது வெறும் நீர்வீக்கம். இரண்டொரு நாளில் வற்றிவிடும். சில மணி நேரம் கழித்துத் தெரிய ஆரம்பித்து, ஒரு எலும்பின் எல்லைக்குள்ளேயே நிற்கிற உருண்டை, எலும்பின் மேல்தோலுக்கு அடியில் தேங்கிய ரத்தம். இது கரைய வாரக்கணக்கில் ஆகும். மஞ்சள் காமாலையை மட்டும் கவனித்துக்கொள்ள வேண்டும். தேய்த்துக் கரைக்கவோ ஊசி வைத்து எடுக்கவோ கூடாது.

மூன்றாவது வகைதான் ஆபத்து. வாக்யூம் போட்ட குழந்தைகளிடம் அதிகம். தண்ணீர் பை போலத் தளதளவென்று, எலும்பு எல்லைகளைத் தாண்டிப் பிடரி வரை இறங்கும். காது மடல் முன்னால் தள்ளிக்கொண்டு நிற்கும். மணிக்கு மணி பெரிதாகும். மூன்று கிலோ குழந்தையின் உடம்பில் இருக்கும் மொத்த ரத்தமே 240 முதல் 270 மி.லி.தான்; அதில் பெரும்பகுதியை அந்த இடம் விழுங்கிவிட முடியும். தலைச் சுற்றளவு 1 செ.மீ. கூடினால் சுமார் 40 மி.லி. ரத்தம் உள்ளே போயிருக்கிறது என்று கணக்கு வைப்பார்கள். இது மூளைக்கு வெளியே நடக்கிற கசிவு என்றாலும் உயிரை எடுப்பதில் உள்ளே நடப்பதற்குக் குறைந்ததல்ல. ஆயுதம் போட்ட குழந்தையின் தலையை முதல் நாளில் அடிக்கடி தொட்டுப் பார்ப்பது இதற்காகத்தான்.

இனி உச்சிக்குழி. குழந்தை அழாமல் இருக்கும்போது, நிமிர்த்தி மடியில் வைத்துக்கொண்டு விரல் நுனியால் தடவிப் பாருங்கள். தலையோடு சமமாகவோ லேசாகக் குழிந்தோ இருக்கும், நாடி துடிப்பது தெரியும். இது இயல்பு. படுத்திருக்கும்போதும் அழும்போதும் எல்லாக் குழந்தைக்கும் கொஞ்சம் மேலே எழும்பும். அதை வைத்து முடிவு செய்ய வேண்டாம். அமைதியாக நிமிர்ந்திருக்கும்போதும் விறைப்பாக, மேடாக இருந்தால் உள்ளே அழுத்தம் கூடியிருக்கிறது. ஒன்று கவனிக்க வேண்டும்: குழி எழும்பவில்லை என்பதால் கசிவு இல்லை என்று ஆகிவிடாது. மண்டையோட்டு எலும்புகள் இன்னும் ஒட்டாமல் இருப்பதால் இந்த வயதில் தலை நிறைய விட்டுக்கொடுக்கும். அழுத்தம் வெளியே தெரியத் தாமதமாகும்.

படி 3: நேற்று எப்படி, இன்றைக்கு எப்படி?

அறிகுறிப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு குழந்தையைப் பார்த்தால் எல்லாக் குழந்தையும் நோயாளியாகத்தான் தெரியும். மாற்றத்தைத் தேடுங்கள். நேற்றுவரை இழுத்துப் பால் குடித்த குழந்தை இன்றைக்கு வாயை வைத்ததும் தூங்கிவிடுகிறதா? குளிப்பாட்டும்போது கத்தித் தீர்க்கும் குழந்தை துணிபோலத் தொய்கிறதா? அல்லது வழக்கமான அழுகை மாறி, மெல்லிய குரலில் கீச்சென்று வீறிடுகிறதா? பால் எதுக்களிப்பது வேறு, ஒவ்வொரு முறையும் பீய்ச்சி அடித்து வாந்தி எடுப்பது வேறு. உதடும் உள்ளங்கையும் திடீரென வெளுப்பது, மூச்சு இருபது நொடிக்கு மேல் நின்று நின்று வருவது, கண் ஒரு பக்கமாகவே நிலைகுத்துவது: இவற்றில் எதற்கும் காத்திருக்கக் கூடாது.

பிக்ஸ், அதாவது வலிப்பு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பெரியவர்களுக்கு வருவதுபோலக் கைகால் வெட்டி இழுத்து நுரை தள்ளும் என்று எதிர்பார்த்தால் தவறவிட்டுவிடுவோம். பிறந்த குழந்தையின் வலிப்பு ரொம்ப நைசாக வரும். சைக்கிள் மிதிப்பதுபோலக் கால் ஓடும், பால் இல்லாமலே வாய் சப்புக்கொட்டும், இமை படபடக்கும், சில சமயம் மூச்சு நிற்பது மட்டுமே வலிப்பாக இருக்கும். வெறும் நடுக்கமா வலிப்பா என்று பார்க்க ஒரு எளிய சோதனை: ஆடுகிற கையையோ காலையோ மெதுவாகப் பிடித்து மடக்குங்கள். நடுக்கம் என்றால் நின்றுவிடும். வலிப்பு என்றால் உங்கள் கைக்குள்ளேயும் துடித்துக்கொண்டிருக்கும். இன்னொரு கையால் மொபைலில் வீடியோ எடுத்துவிடுங்கள். டாக்டர் வருவதற்குள் நின்றுபோயிருக்கும். நாம் வாயால் எவ்வளவு சொன்னாலும் அந்த அரை நிமிட வீடியோவுக்கு ஈடாகாது.

வைட்டமின் கே வகைக்கு மட்டும் ஒரு முன்னறிவிப்பு கிடைப்பதுண்டு. பெரிய கசிவுக்குச் சில நாள் முன்னால் மூக்கிலோ தொப்புளிலோ கொஞ்சம் ரத்தம், தடுப்பூசி போட்ட இடத்தில் நிற்காத கசிவு, அடிபடாத இடத்தில் நீலக் கன்றல். ஆறு மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்குக் காரணமில்லாமல் ஒரு சொட்டு ரத்தம் வந்தாலும் அன்றைக்கே காட்டுங்கள். அந்த நாளில் போடுகிற ஒரு ஊசி மூளையைக் காப்பாற்றிவிடும். மூன்றாவது வாரத்திலும் காமாலை குறையாமல் மலம் வெள்ளைக் களிமண் நிறத்தில் போனாலும் அப்படித்தான். பித்தநீர் குடலுக்கு வராததால் வைட்டமின் கே உடம்பில் சேராது.

படி 4: கிளம்புங்கள்

108-ஐக் கூப்பிடுங்கள். மயக்கமாகவோ வலிப்போடோ இருக்கும் குழந்தைக்குப் பால், சர்க்கரைத் தண்ணீர், உரை மருந்து எதையும் புகட்டாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். வாய்க்குள் விரலோ துணியோ வைக்க வேண்டாம். பக்கவாட்டில் படுக்கவைத்து, கதகதப்பாகச் சுற்றி, தலையைக் கழுத்துக்கு நேராக வைத்துக்கொள்ளுங்கள். உரம் எடுப்பது, தூக்கிப் போட்டுப் பிடிப்பது, எழுப்புவதற்காகக் குலுக்குவது வேண்டவே வேண்டாம். கசிந்துகொண்டிருக்கும் தலையைக் குலுக்கினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை; கசியாத தலையையே குலுக்கல் கசியவைக்கும். டிஸ்சார்ஜ் சீட்டு, தாய் சேய் நல அட்டை, அம்மா சாப்பிட்ட மாத்திரைகளின் அட்டை மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 5: குறைமாதக் குழந்தைக்கு அறிகுறிக்காகக் காத்திருப்பதில்லை

இங்கே விதி மாறுகிறது. குறைமாதக் குழந்தைகளில் கசிவு ஏற்பட்டவர்களில் கால்வாசியிலிருந்து பாதிப் பேர் வரை எந்த அறிகுறியும் காட்டமாட்டார்கள். இன்குபேட்டர் பெட்டிக்குள் அமைதியாகத் தூங்கிக்கொண்டிருப்பார்கள். இதை உலகம் உணர்ந்ததற்கு 1978-ல் நியூ மெக்சிகோவில் லூ-ஆன் பபைலும் குழுவினரும் செய்த ஆய்வு ஒரு காரணம். 1,500 கிராமுக்குக் கீழே பிறந்த 46 குழந்தைகளுக்கு வரிசையாக சி.டி. எடுத்தார்கள்; 20 பேருக்குக் கசிவு இருந்தது. இன்றைக்கும் ரிப்போர்ட்டில் வரும் 'கிரேடு' அவர்கள் வகுத்ததுதான்.

அதனால் ஸ்கேன் வழக்கமாகவே எடுக்கப்படும். 30 வாரம் அல்லது அதற்கு முன் பிறந்த எல்லாருக்கும் 7–10 நாளில் ஒன்று, 4–6 வாரத்தில் ஒன்று, பிரசவத் தேதி நெருங்கும்போது ஒன்று என்று அமெரிக்கக் குழந்தைமருத்துவ அகாடமி 2020-ல் சொன்னது. நம் ஊரில் பல பிரிவுகளில் 32 வாரம் அல்லது 1,500 கிராம் என்று கோடு போட்டு, முதல் மூன்று நாளிலேயே முதல் ஸ்கேனைப் பார்த்துவிடுகிறார்கள். முதல் ஸ்கேன் நார்மல் என்றதும் மற்றவை எதற்கு என்று கேட்கிற பெற்றோர் உண்டு. ரத்த ஓட்டம் குறைந்து மூளையின் உள்ளே இருக்கும் வெள்ளைத் திசு பாதிக்கப்பட்டால் அங்கே ஓட்டைகள் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். முதல் ஸ்கேனில் அதைப் பார்க்கவே முடியாது.

இடையில் நர்ஸ்கள் கவனிப்பது: மூச்சு நின்று போவது அதிகமாகிறதா, இதயத்துடிப்பு குறைகிறதா, ரத்த அழுத்தம் இறங்குகிறதா, காரணமே தெரியாமல் ஹீமோகுளோபின் சரிகிறதா. ரத்தம் ஏற்றியும் ஏறவில்லை என்றால், எங்கேயோ ஒழுகுகிறது என்று அர்த்தம். தலையைத்தான் முதலில் தேடுவார்கள்.

படி 6: உச்சிக்குழி என்கிற ஜன்னல்

அல்ட்ராசவுண்டுக்கு எலும்பு தடை. ஆனால் உச்சிக்குழியில் எலும்பு இல்லை; அந்த இடைவெளி வழியாக மூளையின் பெரும்பகுதியை எட்டிப் பார்க்கலாம். பெட்டியின் பக்கக் கதவைத் திறந்து, இளஞ்சூடாக்கிய ஜெல்லைத் தடவி, சின்ன ப்ரோபை அழுத்தாமல் வைத்து, நெற்றிப் பக்கத்திலிருந்து பிடரிப் பக்கம்வரை சாய்த்துச் சாய்த்து ஒரு வரிசை, பிறகு வலமும் இடமுமாக ஒரு வரிசை. பத்து நிமிட வேலை. கதிர்வீச்சு இல்லை, மயக்க மருந்து இல்லை, குழந்தையை எங்கேயும் தூக்கிப்போகத் தேவையில்லை.

திரையில் நீர் கறுப்பு, புது ரத்தம் வெள்ளை. அப்படியென்றால் சுலபம்தானே என்று தோன்றும். சிக்கல் என்னவென்றால், அறைக்குள் மூளைநீரைச் சுரக்கும் கோராய்டு என்ற திசுவும் வெள்ளையாகத்தான் தெரியும். இடம் வைத்துப் பிரிக்கிறார்கள். அறையின் தரையில் இரண்டு மேடுகளுக்கு இடையே ஒரு பள்ளம் இருக்கிறது. கோராய்டு அந்தப் பள்ளத்தைத் தாண்டி முன்னால் போகாது. பள்ளத்திலோ அதற்கு முன்னாலோ வெள்ளையாக ஒரு மொட்டு தெரிந்தால் அது ரத்தம். சில வாரத்தில் அந்த மொட்டின் நடுப்பகுதி கறுத்துக்கொண்டே போய், கடைசியில் ஒரு சின்ன நீர்க்குமிழி மிஞ்சும்.

ரிப்போர்ட்டில் கிரேடு 1 என்றால் அந்த நாற்றங்காலுக்குள் மட்டும் கசிவு. 2 என்றால் அறைக்குள் ரத்தம் வந்திருக்கிறது, அறை விரியவில்லை. 3 என்றால் ரத்தத்தால் அறை விரிந்திருக்கிறது. 4 என்றால் பக்கத்து மூளைத் திசுவிலும் ரத்தம். ஒன்றும் இரண்டும் உள்ள குழந்தைகளில் பெரும்பாலோர் நன்றாகவே வளர்கிறார்கள். 'மூளையில் ரத்தம்' என்ற சொல்லைக் கேட்டுக் குடும்பமே இடிந்து உட்கார்ந்துவிடுவதுதான் வருத்தம். மூன்றும் நான்கும் வேறு. தலையில் நீர் சேரும் வாய்ப்பும், கைகால் இயக்கத்தில் குறை வரும் வாய்ப்பும் கூடும். நான்கு என்று கேட்டதும் 'எந்தப் பக்கம், எவ்வளவு பெரியது' என்று கேளுங்கள். ஒரு பக்கத்தில் சின்ன இடத்தில் இருப்பதும் இரு பக்கமும் பரவியிருப்பதும் ஒரே கிரேடுக்குள் வந்துவிடுகின்றன, ஆனால் எதிர்காலம் ஒன்றல்ல.

படி 7: அல்ட்ராசவுண்டுக்குத் தெரியாத மூலைகள்

மூளையின் மேற்பரப்பில் மண்டையோட்டை ஒட்டி இருக்கும் கசிவும், பிடரிப் பக்கத்துச் சிறுமூளைக் கசிவும் உச்சிக்குழி வழியாகப் பார்த்தால் தவறிப்போகலாம். சிறுமூளைக்குக் காதுக்குப் பின்னால் இருக்கும் இன்னொரு சின்ன இடைவெளி வழியாகவும் பார்ப்பார்கள். ஆயுதம் போட்ட நிறைமாதக் குழந்தைக்கு வலிப்பு வந்து, அல்ட்ராசவுண்ட் நார்மல் என்றால் அத்தோடு விடக் கூடாது.

அவசரம் என்றால் சி.டி. சில நொடிகளில் முடிந்துவிடும், அறுவை சிகிச்சை வேண்டுமா என்பது உடனே தெரியும். கதிர்வீச்சு இருப்பதால் அடிக்கடி எடுப்பதில்லை. நேரம் இருந்தால் எம்.ஆர்.ஐ.தான் மேல். பால் கொடுத்து, துணியில் இறுக்கிச் சுற்றி, தூங்கவைத்தே பல குழந்தைகளுக்கு எடுத்துவிடுகிறார்கள். சிரையில் அடைப்பு இருக்கிறதா என்பதற்கும் அதிலேயே தனிப் படம் உண்டு.

எம்.ஆர்.ஐ. ரொம்ப நுணுக்கமானது என்பதால் ஒரு பக்கவிளைவும் உண்டு. சுகப்பிரசவத்தில் பிறந்து எந்தத் தொந்தரவும் இல்லாத நிறைமாதக் குழந்தைகளை எடுத்துப் பார்த்தாலே கணிசமானோருக்கு உறைக்கு அடியில் மெல்லிய கசிவு தெரியும். சில வாரங்களில் தானே மறைந்துவிடும். அதனால் படத்தை மட்டும் வைத்து முடிவு செய்வதில்லை.

படி 8: கசிந்தது தெரிந்தது, ஏன் கசிந்தது?

குறைமாதக் குழந்தைக்குக் காரணம் ஓரளவு தெரிந்ததுதான். நிறைமாதக் குழந்தைக்குத் தேடியே ஆக வேண்டும். மூன்று பரிசோதனை: தட்டணு (பிளேட்லெட்) எண்ணிக்கை, ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று இரண்டு விதமாக அளக்கும் பி.டி., ஏ.பி.டி.டி.

நம் நாற்பது நாள் குழந்தைக்குத் தட்டணு சரியாக இருந்தது, பி.டி. பல மடங்கு நீண்டிருந்தது. வைட்டமின் கே ஊசி சிரை வழியாகப் போட்டு, பிளாஸ்மா ஏற்றினார்கள். கே கொடுத்த சில மணி நேரத்தில் பி.டி. இயல்புக்குத் திரும்பினால் நோய் இதுதான் என்று உறுதியாகிவிடும். மருந்தே பரிசோதனையாகவும் ஆகிறது.

பி.டி. சரி, ஏ.பி.டி.டி. மட்டும் நீளம், ஆண் குழந்தை என்றால், பரம்பரையாக வரும் ரத்தம் உறையாத நோயான ஹீமோபிலியாவாக இருக்கலாம். தாய்மாமன் யாருக்காவது அடிபட்டால் ரத்தம் நிற்காதா என்று கேட்பார்கள், மறைக்காமல் சொல்லுங்கள். தட்டணு மட்டும் அடிமட்டத்தில் இருந்து, கிருமித்தொற்றும் இல்லை, அம்மாவின் தட்டணு சரி என்றால், அம்மாவின் உடம்பு குழந்தையின் தட்டணுவை எதிர்த்து உருவாக்கிய எதிர்ப்புப்பொருள் காரணமாக இருக்கலாம். இது அடுத்த குழந்தைக்கும் வரலாம், வந்தால் பெரும்பாலும் இன்னும் கடுமையாக. அதனால் கட்டாயம் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றுமே சரியாக இருந்து கசிவு மட்டும் இருந்தால்? தொப்புள்கொடி விழுந்த இடத்தில் நாள்கணக்கில் ரத்தம் கசிந்ததா என்று யோசித்துப் பாருங்கள். உறைதல் காரணி 13 (ரத்தம் உறைய உதவும் புரதங்களில் ஒன்று) இல்லாத குழந்தைகளுக்கு அப்படித்தான் ஆரம்பிக்கும். வழக்கமான உறைதல் பரிசோதனைகளில் இது மாட்டாது. தனியாகக் கேட்டுச் செய்ய வேண்டும். அக்கா மகளைக் கட்டியது, அத்தை மகனைக் கட்டியது என்று சொந்தத்தில் திருமணம் நடக்கும் நம் ஊரில் இந்தக் கேள்வியை விட்டுவிடக் கூடாது.

சில வாரக் குழந்தைக்கு உறைக்கு அடியில் கசிவு இருந்து, ரத்தப் பரிசோதனையெல்லாம் சரி என்றால், கண் டாக்டரை அழைத்து விழித்திரையைப் பார்க்கச் சொல்வார்கள். யாராவது குலுக்கினார்களா என்ற கேள்வியும் வரும். கோபப்படாதீர்கள்; எல்லாக் குடும்பத்திடமும் கேட்கப்படுகிற கேள்விதான்.

படி 9: டெய்லர் டேப்

கசிவு நின்று வீட்டுக்கு வந்த பிறகும் ஒரு வேலை இருக்கிறது. உள்ளே உறைந்த ரத்தம் மூளைநீர் வடியும் வழியை அடைத்தால், ஒன்று முதல் மூன்று வாரத்தில் அறைகள் விரிய ஆரம்பிக்கும். தலைச் சுற்றளவு கூடுவது அதற்குப் பிறகுதான் தெரியும். ஆகவே ஸ்கேன் தேதியைத் தள்ளிப்போடாதீர்கள்.

வீட்டில் நாடா வைத்து வாரம் ஒரு முறை அளக்கலாம். துணி நாடா இழுபடும். ஆஸ்பத்திரியில் கொடுக்கும் காகித நாடா இருந்தால் அதுதான் நல்லது. புருவத்துக்குச் சற்று மேலே தொடங்கி, பின்மண்டை அதிகம் துருத்திய இடத்தைச் சுற்றி, மூன்று முறை அளந்து பெரிய எண்ணை எழுதுங்கள். ஒரே ஆள், ஒரே நாடா. நிறைமாதக் குழந்தையின் தலை முதல் மூன்று மாதம் மாதத்துக்கு 2 செ.மீ. அளவுக்குத்தான் வளரும். வளர்ச்சியைப் பிடிக்கிற குறைமாதக் குழந்தைக்கு வாரம் 1 செ.மீ. வரை போகலாம். ஒரே வாரத்தில் 2 செ.மீ. ஏறினாலோ, எலும்பு இணைப்புகள் விரல் வைக்குமளவு விலகினாலோ, கருவிழி கீழே இறங்கி மேலே வெள்ளை தெரிந்தாலோ அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை இருக்க வேண்டாம். எண்களைத் தேதியோடு தாய் சேய் நல அட்டையின் பின்பக்கத்தில் எழுதிவையுங்கள். தனித்தாளில் எழுதினால் காணாமல் போய்விடும்.